மூன்று பூச்சுப் பலகை

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நெடுநாள் ஆலோசனைக்குப் பிறகும், சாதக பாதகங்களை இரண்டு தாள்களில் எழுதிப் பார்த்த பிறகும், இவ்வீட்டின் சர்க்கரை டப்பா கடந்த திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு இடம் மாற்றப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகளாக அது மேல் தட்டில்தான் இருந்தது. அங்கே வைத்தவர் என் மனைவி. அவர் போய் ஆறு ஆண்டுகள் ஆன பின்னும் அவருடைய ஏற்பாடு எதையும் நான் மாற்றியதில்லை. ஆகவே இதை ஒரு சாதாரண நிகழ்ச்சியாகக் கருத என்னால் முடியவில்லை. எறும்புகள் இம்முடிவை வரவேற்றுள்ளன.

இக்கடிதத்தின் நோக்கம் அதுவல்ல. என் மகனும் உங்கள் மகளும் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய புகைப்படங்களைப் பிரதி எடுத்து உங்களுக்கு அனுப்பும்படி மருமகள் கேட்டிருந்தாள். ஏழு படங்கள் இத்துடன் உள்ளன. பேரன் ஏழிலும் வாயைத் திறந்துகொண்டிருக்கிறான். அது உங்கள் பக்கத்துச் சாயல் என்று இங்கே கருதப்படுகிறது.

தொலைபேசியில் பேசியிருக்கலாம். ஆனால் திருமணம் முடிந்த இந்த மூன்று ஆண்டுகளில் நாம் தொலைபேசியில் பேசியது மொத்தம் நான்கு நிமிடம் இருக்கும். அதில் பாதி "கேக்குதா, கேக்குதா" என்பதிலேயே போய்விட்டது. தவிர, பேசியதைத் திருத்த முடியாது. நாற்பது ஆண்டு அச்சகத்தில் பிழை திருத்தியவனுக்கு அது ஒரு பெரிய குறை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 9

சம்பந்தி ஐயாவுக்கு,

படங்கள் வந்து சேர்ந்தன. பிள்ளை வாயைத் திறந்திருப்பது பல் முளைப்பதால். எங்கள் பக்கத்தில் வாயைத் திறந்தால் ஏதாவது சொல்வோம்.

இப்போது சர்க்கரை டப்பாவுக்கு வருகிறேன். உங்களுக்கு வலது தோள் எத்தனை நாளாக உயரவில்லை?

நான் ஜோசியம் பார்க்கவில்லை. உறையில் தபால்தலை சாய்ந்து ஒட்டியிருக்கிறது, ஒட்டியது இடது கை. கல்யாணப் பத்திரிகை உறைமேல் உங்கள் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன், கோடு போட்ட மாதிரி இருக்கும். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் பாதி வழியில் களைத்துப்போய்க் கீழே இறங்குகிறது. முழங்கையை விலாவோடு ஒட்ட வைத்துக்கொண்டு எழுதினால் அப்படித்தான் இறங்கும். பதினெட்டு வருடமாக, மனிதர்கள் எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று கண்டுபிடித்துத்தான் நான் பிழைக்கிறேன். அதிலும் ஆண்கள் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், வீட்டுச் சாமானை இடம் மாற்றுவார்கள். ஒருத்தர் முகம் பார்க்கிற கண்ணாடியையே ஓரடி இறக்கி ஆணி அடித்திருந்தார். குனிந்து சவரம் செய்வது உடம்புக்கு நல்லது என்றார்.

முதலில் டாக்டரிடம் போங்கள். படம் எடுக்கச் சொன்னால் எடுங்கள். எலும்புக்குள் பார்க்கிற கண் எங்கள் விரலுக்கு இல்லை. அவர் சரி என்றால்தான் நாங்கள்.

எங்கள் வண்டி இப்போது வாரம் இரண்டு நாள் உங்கள் ஊர்ச் சாலையில் பாதி தூரம் வருகிறது. வீட்டுக்கு வீடு போய் மசாஜ் செய்கிற சேவையை ஆரம்பித்து ஒரு வருடம் ஆகிறது. மடக்கு மேசை, எண்ணெய் சூடாக்குகிற பாத்திரம், துவைத்த விரிப்புகள், இரண்டு தெரபிஸ்ட், எல்லாம் அதில் வரும். இன்னும் முக்கால் மணி நேரம் ஓட்டினால் உங்கள் வாசல்.

ஆனால் உங்கள் வாசலுக்குள் எங்கள் வண்டி வர முடியாது. ஏன் என்று தெரியாவிட்டால் கீழே இறங்கிப் போய், காவலாளி கூண்டுக்கு வலது பக்கம் பாருங்கள். பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து. "பிச்சை எடுப்போர், தெரு வியாபாரிகள், மசாஜ் செய்வோர் உள்ளே வர அனுமதி இல்லை." அதன் கீழே "செயலாளர்". அந்தச் செயலாளர் நீங்கள்.

கல்யாணம் பேச வந்த அன்று அதைப் படித்தேன். படித்துவிட்டு மேலே வந்து, உங்கள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்தேன். காப்பி நன்றாக இருந்தது.

சம்பந்தி


பிப்ரவரி 20

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மருத்துவரைப் பார்த்தேன். தோள் உறைந்துவிட்டதாம். மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போய், கையை உள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறதாம். தினமும் பயிற்சி செய்ய வேண்டும், கைப்பக்குவம் தெரிந்த ஒருவர் வாராவாரம் பொறுமையாகத் தளர்த்திக் கொடுத்தால் நல்லது, இப்படியே விட்டுவிட்டால் சிலருக்கு முழுதாகத் திரும்பாமல் போவதும் உண்டு என்றார். தற்போது என் வலது கை எட்டும் உயரம், மேலிருந்து எண்ணினால் சட்டையின் மூன்றாம் பொத்தான். இது நான்கு மாதமாக இருக்கிறது. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

பலகை பற்றி. அது பொதுக்குழுவின் தீர்மானம். எட்டு ஆண்டுகளுக்கு முன் யாரோ கதவிடுக்குகளில் மசாஜ் விளம்பரத் துண்டுத் தாள்களைச் செருகிச் சென்றதாகவும், குடியிருப்போர் சிலர் வருத்தப்பட்டதாகவும் நினைவு. செயலாளர் என்பவர் பொதுக்குழுவின் பேனா மட்டுமே. தடிமனான தேக்கில் செய்யச் சொன்னதும், மூன்று பூச்சு கொடுக்கச் சொன்னதும், எழுத்தை விரலில் தட்டுப்படும்படி புடைப்பாக எழுதச் சொன்னதும்தான் என் சொந்த முடிவுகள். எட்டு மழைக்காலம் தாங்கியிருக்கிறது.

எனினும் ஒரு வழி தோன்றுகிறது. உறவினர் வருகைக்கு எங்கள் விதிகளில் தடை ஏதும் இல்லை. நீங்கள் சம்பந்தி என்ற முறையில் வரலாம். மடக்கு மேசையைத் துணி உறையில் போட்டால் பெரிய பெட்டி போலிருக்கும். எண்ணெயைக் காப்பிப் பிளாஸ்க்கில் கொண்டு வரலாம். காவலாளியிடம் பின்வாசல் சாவியைத் தரச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பக்கம் மதியத்தில் நடமாட்டம் குறைவு.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


பிப்ரவரி 27

சம்பந்தி ஐயாவுக்கு,

சம்பந்தியாக வரச் சொன்னால் என்றைக்கு வேண்டுமானாலும் வருவேன். அன்று எண்ணெய் கொண்டு வர மாட்டேன். எண்ணெயோடு வந்தால் தொழில்காரியாக வருவேன், முன்வாசல் வழியாக, பக்கவாட்டில் பெயர் எழுதிய வண்டியில்.

உங்களைச் சங்கடப்படுத்தச் சொல்லவில்லை. இந்தத் தொழிலில் முதல் பாடம் கையைப் பற்றியதும் இல்லை, எண்ணெயைப் பற்றியதும் இல்லை. எந்த வீட்டுக்கும் மறைந்து போகக் கூடாது, அதுதான் முதல் பாடம். பின்வாசலால் வரச் சொல்கிற வீட்டில் அப்புறம் என்ன கேட்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் வெளியே போகிறவர்கள் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் வேலை செய்வார், ஒருவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார், நடுவில் கதவு பாதி திறந்திருக்கும். போய்ச் சேர்ந்ததும் ஒரு போன், கிளம்பும்போது ஒரு போன். போன் வராவிட்டால் பத்தாவது நிமிடம் நான் அந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவேன். என்னிடம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணின் அம்மா, மகளை நம்பி விட முடியாமல் ஒரு மாதம் தினமும் வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தார். ஒரு மாதம் முடிந்ததும் "எனக்கும் கத்துக் கொடுங்க" என்றார். இப்போது பாதம் பிடிப்பதில் அவருக்கு மேல் ஆள் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மூன்று வருடமாகத் தொண்டையில் நிற்கிறது. கல்யாணம் பேச வந்த அன்று, என் மகள் ஓடிப்போய் அந்தப் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டு, எனக்கு எதிர்ச்சுவரில் இருந்த காகிதப்பூவைக் காட்டினாள். "எவ்ளோ அழகா இருக்கு பாரும்மா" என்றாள். காகிதப்பூ எங்கள் தெருவில் நூறு இருக்கிறது. நானும் பார்த்து, அழகாக இருக்கிறது என்றேன். அவளைப் படிக்க வைத்தது இந்தக் கைதான். இந்தக் கையை அவள் முதுகுக்குப் பின்னால் மறைக்க வேண்டி வந்தது.

பலகை இருக்கும் வரை வண்டி வராது. அதுவரை தோள் காத்திருக்காது, அதுவும் எனக்குத் தெரியும். அதனால் நீங்கள் இங்கே வாருங்கள். பஸ்ஸில் இரண்டு மணி நேரம். இடது பக்க ஜன்னலோரம் உட்கார்ந்து இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வாசலிலும் ஒரு பலகை உண்டு. "செருப்பை இங்கே விடவும்."

சம்பந்தி


ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

எட்டு வாரம் பதில் எழுதாததற்கு மன்னிக்கவும். உங்கள் கடிதத்தில் திருத்த எதுவும் இல்லாததால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இம்மாதம் பத்தாம் தேதி நான் உங்கள் நிலையத்துக்கு வந்திருந்தேன். முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. நீங்கள் வண்டியோடு வெளியே போயிருந்தீர்கள். "சும்மா விசாரிக்க வந்தேன்" என்று சொல்லி, ஐம்பது நிமிடம் உங்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். சும்மா விசாரிப்பதற்கு ஐம்பது நிமிடம் அதிகம் என்பதை உணர்கிறேன்.

தையற்கடைக்கும் போன் ரிப்பேர் கடைக்கும் நடுவே இருபத்திரண்டு படிகள். கைப்பிடிக் கம்பியில், வயதானவர்கள் நின்று மூச்சு வாங்கும் பதினோராம் படியருகே மட்டும், கை வழுக்காமல் கயிறு சுற்றியிருந்தது. அதைச் சுற்றியவர் யாராயினும் அவர் மனிதர்களைக் கவனிக்கிறவர். மேலே வந்ததும் ஊரின் சத்தம் ஒரு தலையணையில் முகம் புதைத்துக்கொண்டது போல அடங்கிவிட்டது. வேலை தொடங்கும் முன், பணியாளர் ஒவ்வொருவரும் வரவேற்புப் பெண்ணிடம் வந்து, மேசைமேல் விரித்திருந்த மெல்லிய நைலான் துணியில் பத்து நகங்களையும் ஓட்டிக் காட்டினார்கள். ஒருவருக்கு ஒரு நூல் சிக்கியது. அவர் திரும்பிப் போய் நகத்தைத் தேய்த்துவிட்டு வந்தார். எங்கள் அச்சகத்தில் முதலாளியின் மைத்துனருக்குக்கூட இவ்வளவு பயந்ததில்லை. முழங்கை வரை கழுவிய கைகளோடு அறை வாசலில் நின்று, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, கதவைத் தட்டி, மூன்று எண்ணும் நேரம் காத்திருந்து, பிறகே உள்ளே போனார்கள். தலைமைச் செயலகங்களில்கூட மனிதனை அணுகும் முன் இப்படிக் காத்திருக்கும் வழக்கம் இருப்பதாகத் தெரியவில்லை.

அடுக்குப் பெட்டிகளைச் சுமந்தவர் போல் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா உள்ளே போனார். வெளியே வரும்போது தலையை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புது வீட்டில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து பார்ப்பவர் போல.

ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிட வேண்டும். நல்ல சட்டை போட்ட ஒருவர் வந்தார். மேசைமேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "வேற கொஞ்சம் ஸ்பெஷலா ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். உங்கள் வரவேற்புப் பெண்ணுக்கு இருபத்து மூன்று வயதுக்கு மேல் இராது. முன்பதிவு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "இருக்கு சார். வந்த வாசல்தான், அந்தப் பக்கம்" என்றாள். அவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே இறங்கினார். நாற்பது ஆண்டில் இவ்வளவு கச்சிதமான வாக்கியம் என் மேசைக்கு வந்ததில்லை.

சிகிச்சைக்கு முன் நிரப்பும் படிவத்தை அவள் என்னிடம் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதில் பதினான்கு பிழைகள் உள்ளன. சிவப்பு மையில் திருத்தி இத்துடன் இணைத்துள்ளேன். இரண்டாம் பக்கத்தில் ஓரங்கள் சமமாக இல்லை. அதையும் குறித்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஏப்ரல் 30

சம்பந்தி ஐயாவுக்கு,

திருத்தியபடி படிவத்தை மறுபடி அச்சடித்தாகிவிட்டது, நன்றி. பதினெட்டு வருடமாக எல்லோரிடமும் "இரத்த ஆழுத்தம்" இருக்கிறதா என்று கேட்டிருக்கிறோம். எல்லோரும் பழகிப்போய் இருக்கு என்றோ இல்லை என்றோ எழுதிக் கொடுத்தார்கள்.

நீங்கள் எழுதியதை ரிசப்ஷன் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். "அந்தத் தாத்தாவா? விலைப்பட்டியலைக் கையில எடுத்து, பேனாவைத் தேடிக்கிட்டே இருந்தாரும்மா. நான்தான் புடுங்கி வெச்சேன்" என்றாள். ஆனால் அந்தக் கடிதத்தைத் திருப்பித் தரவில்லை. நகல் எடுத்துக்கொண்டு தருகிறேன் என்று கொண்டுபோயிருக்கிறாள். கயிறு சுற்றியது அவள்தான்.

படிவத்தில் பிழைகள் எல்லாம் திருத்தியிருக்கிறது, விடை ஒன்றுகூட இல்லை. பதினெட்டு வருடத்தில் கேள்விகளைத் திருத்திவிட்டுப் பதில் எழுதாமல் அனுப்பிய ஒரே ஆள் நீங்கள். எட்டாவது கேள்வியை மறுபடி எழுதுகிறேன். "நாங்கள் தொடக் கூடாத இடம், அல்லது தொடும் முன் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஏதாவது உண்டா?" அதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதி அழித்திருக்கிறீர்கள். நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை.

வந்தவர் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போனதற்குப் பஸ் நேரம் காரணமில்லை என்று புரிகிறது. இப்படிப் பாதிப் பேர் முதல் தடவை வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அது தப்பில்லை.

அதுவரை இதைச் செய்யுங்கள். சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சுவரில் எறும்பு மாதிரி மேலே ஏறவிடுங்கள். எறும்பு உங்கள் வீட்டில் பழக்கம்தானே. வலி முறைக்கிற இடத்தில் நிறுத்தி, பத்து மூச்சு நின்று, இறக்குங்கள். ஞாயிற்றுக்கிழமை எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். சண்டை போட்டு ஏற்ற வேண்டாம். மூட்டு உங்களைவிடப் பிடிவாதம்.

பலகை?

சம்பந்தி


ஜூன் 16

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கார் நிறுத்துமிடத்தில், இருபத்தொன்பது பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் பொதுக்குழு கூடியது. தண்ணீர்த் தொட்டி, நாய், பலகை ஆகிய மூன்றும் விவாதத்துக்கு இருந்தன. தொட்டி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நாய்க்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு நான் எழுந்து, பலகையிலிருந்து "மசாஜ் செய்வோர்" என்பதை நீக்க வேண்டும் என்ற தீர்மானத்தைப் படித்தேன்.

மூன்றாம் மாடி வக்கீல் எழுந்து, இன்றைக்கு மசாஜ் என்றால் நாளைக்கு யார் யாரோ வருவார்கள், அன்றைக்கு இதைப் போடச் சொன்ன காரணம் இன்றைக்கு எங்கே போயிற்று என்று கேட்டார். நியாயமான கேள்வி. யார் போடச் சொன்னது, எந்தக் கூட்டத்தில் என்று நடவடிக்கைக் குறிப்பைப் பார்க்கவும் கேட்டார். குறிப்பேடு என் கையில்தான் இருந்தது. அதில் அப்படி எதுவும் இல்லை என்பது எட்டு ஆண்டுகளாக எனக்குத் தெரியும்.

"யாரும் கேக்கல," என்றேன். "பிச்சை எடுக்கிறவங்க, வியாபாரிங்க, ரெண்டுதான் தீர்மானம். ரெண்டோட நிறுத்தினா வரி குட்டையாயிடுச்சு. பலகையில வலது பக்கம் காலியா இருந்துச்சு. அதை நிரப்ப நான்தான் மூணாவதைச் சேர்த்தேன்."

பிறகு பின்வரிசையில் ஒருவர், "அப்ப ஐஸ் விக்கிறவங்கன்னு போட்டிருக்கலாமே சார்?" என்றார். அதையும் அன்றே அளந்து பார்த்தேன், ஓரத்தில் இடம் இடித்தது என்று உண்மையைச் சொன்னேன்.

ஆக, பிப்ரவரியில் உங்களுக்கு நான் எழுதிய துண்டுத் தாள் சமாசாரம் கற்பனை. யாரும் எதையும் கதவிடுக்கில் செருகவில்லை, யாரும் வருத்தப்படவும் இல்லை. என் தொழிலில் இதற்கு வரி நிரப்புதல் என்று பெயர். அதற்காக உங்கள் மகள் காகிதப்பூவைக் காட்டியிருக்கிறாள்.

இரண்டாம் மாடியில் முட்டி வலிக்காரர் ஒருவர் இருக்கிறார், பள்ளியில் கணக்கு நடத்தியவர். "என் முட்டிக்கு யாராவது வந்தா நான் கதவைத் திறக்கத்தான் போறேன். போர்டு என்ன பண்ணும், எழுந்து வந்து தடுக்குமா?" என்றார். வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு பதினான்கு. என் வாக்கு மட்டும் மிச்சம்.

எங்கள் விதி ஒன்பது, வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்தி வாக்களிக்க வேண்டும் என்கிறது. அதுவும் நான் எழுதியதே. பழக்கத்தில் வலது கையைத் தூக்கினேன். உங்கள் எறும்புப் பயிற்சியின் பலனாக அது இரண்டாம் பொத்தான் வரை போய் நின்றது.

"செயலாளர் ஓட்டுப் போடுறாரா, பையில பேனா தேடுறாரா?" என்று கேட்டார் வக்கீல். "விதியில தோளுக்கு மேலன்னு இருக்கு."

"இதுக்கு மேல போகாது," என்றேன். "அதுக்குத்தான் இந்தத் தீர்மானமே."

சிலர் சிரித்தார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நான் கையை அங்கேயே வைத்திருந்தேன், இறக்குவதும் எளிதல்ல. அப்போது வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவி தன் கையை நேராக, முழுதாக, காது தொட உயர்த்தினார். சற்று முன் எதிர்ப்பில் எண்ணப்பட்டவர். வக்கீல் அவர் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன?" என்றார்.

"இடுப்பு," என்றார் அந்த அம்மா. "பத்து வருஷமா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

பதினைந்துக்குப் பதின்மூன்றாகத் தீர்மானம் நிறைவேறியது. என் கை கணக்கில் சேர்க்கப்படவில்லை. தேவைப்படவும் இல்லை. பலகையில் ஒரு சொல்லை மட்டும் அழித்தால் அசிங்கமாக இருக்கும் என்பதால் பலகையையே எடுத்துவிடுவது என்றும் முடிவானது. இன்று காலை தச்சர் வந்து கழற்றினார். மூன்று பூச்சில் ஆணித் தலைகள் புதைந்திருந்ததால் அரை மணி நேரம் ஆனது.

படிவத்தை நிரப்பி இத்துடன் அனுப்பியுள்ளேன். எட்டாம் கேள்விக்கு இடம் போதாததால் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். தொடக் கூடாத இடம் எதுவும் இல்லை. தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று: கடந்த ஆறு ஆண்டுகளில் என்னைத் தொட்டவர்கள், மாதம் ஒரு முறை முடி வெட்டுபவர், பிப்ரவரியில் மருத்துவர், ஒரு முறை பேருந்தில் தூக்கத்தில் என் தோளில் சாய்ந்த ஒரு பயணி. நான் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயும் அவரை எழுப்பவில்லை. ஆகவே எனக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. சொல்லிவிட்டுத் தொட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி


ஜூன் 21

சம்பந்தி ஐயாவுக்கு,

சனிக்கிழமை, 28ஆம் தேதி, காலை பத்து மணி. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும்.

வேலை செய்ய வருகிறவரை எங்கள் நிலையத்தில் "தூக்கம்" என்றுதான் கூப்பிடுவோம். அவர் கை பட்டால் பத்தாவது நிமிடம் குறட்டை கேட்கும். அதிகம் பேச மாட்டார். முதல் முறை என்பதால் கூடவரும் இரண்டாவது ஆள் நான். நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன், கதவு பாதி திறந்திருக்கும். சம்பந்தி என்பதற்காக விதி வளையாது.

எட்டாவது கேள்வியைப் படித்தேன். தூக்கத்திடம் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் தோளுக்கே போக மாட்டார். இடது உள்ளங்கையில் ஆரம்பிப்பார். சொல்லிவிட்டுத்தான் தொடுவார்.

வரி நிரப்பினது பற்றி நான் இரண்டு நாள் கோபமாக இருந்தேன். மூன்றாவது நாள் அதை எங்கள் ஆட்களிடம் சொன்னேன். பாதம் பிடிக்கிற அம்மா சிரித்துச் சிரித்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "நம்மளை இடம் காலியா இருக்குன்னு சேர்த்திருக்காங்களாம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபத்தெட்டுப் பேர் முன்னால் எழுந்து நின்று, நான்தான் என்று சொல்லிவிட்டு, உயராத கையையும் தூக்கிக் காட்டுவதற்கு ஒரு தெம்பு வேண்டும். மகளிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கேக்குதா என்று கேட்டேன். கேக்குதும்மா என்றாள்.

ஒரு விஷயம். உங்கள் நுழைவாயிலில் இரண்டு படி இருக்கிறது, உயரம் அதிகம். எங்கள் மேசைப் பெட்டிக்குச் சக்கரம் உண்டு, ஆனால் படி ஏறாது. வாராவாரம் தூக்கி இறக்கினால் எங்கள் ஆட்களின் முதுகு போய்விடும், அப்புறம் அவர்களுக்கு யார் பிடித்துவிடுவது? ஏதாவது வழி பார்த்து வையுங்கள்.

சம்பந்தி


அக்டோபர் 12

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேற்று உங்கள் வண்டி பதினாறாவது சனிக்கிழமையாக வந்து போனது. ஒரு வார்த்தை எழுதாமல் இருப்பது முறையல்ல.

முதல் நாளைப் பற்றி நாம் பேசிக்கொள்ளவே இல்லை. நீங்கள் வண்டியிலிருந்து இறங்கி, காவலாளி கூண்டுக்கு வலது பக்கம் திரும்பிப் பார்த்தீர்கள். சுவரில் நான்கு ஆணித் துளைகளும், வெயில் படாத ஒரு நீளச் சதுரமும் இருந்தன. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "காப்பி வேலை முடிஞ்சப்புறம்தான்" என்றீர்கள். நான் பால் காய்ச்சியிருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று இன்று வரை கேட்கவில்லை.

திரு. தூக்கம் "இப்ப கையைப் பிடிக்கப் போறேன் ஐயா" என்று சொல்லி என் இடது உள்ளங்கையைப் பிடித்தார். அதற்குப் பிறகு நடந்தவற்றுக்கு நான் சாட்சி அல்ல. குறட்டை விடுவதில்லை என்று முப்பது ஆண்டு என் மனைவியிடம் வாதாடியிருக்கிறேன். அவருக்குச் சாதகமாக ஒரு சாட்சி கூடத்தில் உட்கார்ந்திருந்தார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். தோளுக்கு அவர் வந்தது மூன்றாவது வாரம். பூட்டிய அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறதென்று வீட்டில் ஒவ்வொருவராக விசாரிப்பது போல, கழுத்திலும் முதுகிலும் கேட்டுக் கேட்டு, கடைசியாகத்தான் அங்கே போனார். வலித்த நாட்கள் உண்டு. அவர் பொய் சொன்ன நாள் இல்லை. சுவரில் பென்சில் கோடுகள் இருபத்து மூன்று ஆகிவிட்டன. கடைசிக் கோடு என் தலைக்கு மேல் இருக்கிறது.

இப்போது எனக்கு ஒரு சிறு குறை. செவ்வாய், சனி இரண்டு நாளும் இந்தக் கட்டடத்துக்கே நேரம் போதவில்லை. முட்டிக்காரர் இரண்டு முறை, அவர் தங்கை ஒரு முறை, வக்கீலின் மனைவி தவறாமல். வக்கீல் தனக்கு எதுவும் இல்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்து உட்கார ஒரு புது மெத்தை வாங்கியிருக்கிறார். அவர் வீட்டுக் கண்ணாடியின் உயரத்தை விசாரித்துச் சொல்கிறேன். நேற்று போனில் என் அடுத்த முறையைக் கேட்டபோது உங்கள் வரவேற்புப் பெண் நோட்டைப் பார்த்து, "ஐயா, அடுத்த மாசம் ஒண்ணாம் தேதிதான் இருக்கு" என்றாள். நான் இச்சங்கத்தின் செயலாளர் என்று நினைவூட்டினேன். "தெரியும் ஐயா. ஒண்ணாம் தேதி, காலைல ஒன்பதரை" என்றாள். முன்பே சொன்னதுதான், அவளுடைய வாக்கியங்களில் திருத்த இடமில்லை.

டிசம்பரில் பிள்ளைகள் வருகிறார்கள். நீங்கள் இங்கேயே வந்து தங்கலாம். எண்ணெய் இல்லாமல்.

சர்க்கரை டப்பா மேல் தட்டுக்குத் திரும்பியது. எறும்புகள் ஆட்சேபம் தெரிவித்துள்ளன.

நுழைவாயில் படிகளுக்கு வழி செய்தாகிவிட்டது. கழற்றிய பலகை என் பரணில் கிடந்தது. ஜூலையில் தச்சர் அதன் இரு முனைகளையும் சீவிக் கொடுத்தார். படிக்கும் தரைக்கும் நடுவே சாய்வாகப் போட நீளம் சரியாக இருக்கிறது. மழை நாட்களில் மேசைப் பெட்டியின் சக்கரம் வழுக்காமல் இருக்க, உங்கள் ஆட்கள் புடைப்பு எழுத்துள்ள பக்கத்தை மேலே வைத்துப் போடுகிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி